காய்ச்சல் என்றால் முதலில் தொழிலைச் சொல்லுங்கள்: மடுவத்தில் வேலை செய்பவர்களுக்கு இதை யார், எப்படிக் கற்றுக்கொடுப்பது?

மாளிகாவத்தை மகன் | வெள்ளி, இரவு 9.40

என் வாப்பா கொழும்பில் ஒரு மாட்டு மடுவத்தில் 27 வருடம் தோலுரித்தவர். அவர் வேலையை விட்ட பிறகு அதே இடத்துக்குச் சாச்சாவின் மகன் போனான். வயது 31. நல்ல தேகக்கட்டு. வேலைக்குப் போகாமல் ஒரு நாளும் நின்றதில்லை.

சென்ற ஒக்டோபர் மழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. பனடோலைப் போட்டுக்கொண்டு இரண்டு இரவு வேலைக்கும் போயிருக்கிறான். மூன்றாம் நாள் பக்கத்து டிஸ்பென்சரியில் வைத்தியர் தொழிலைக் கேட்டார். "கூலி வேலை" என்றான். டெங்குவுக்கு இரத்தம் பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. ஐந்தாம் நாள் கண்கள் செம்பரத்தம்பூப் போலச் சிவந்துவிட்டன. கெண்டைக்கால் வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஓர் இளம் வைத்தியர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "வயலில் இறங்கினீர்களா? வெள்ளத்தில் நடந்தீர்களா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றான். அப்போதும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்: "டொக்டர், இவருக்கு மாட்டு மடுவத்தில் வேலை." எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கே ஊசி மருந்து ஏறத் தொடங்கியது. எலிக்காய்ச்சல். சிறுநீரகம் பழுதாகி மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புச் செய்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டான்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள்" என்றான். எனக்கு விளங்கியது. எங்கள் பாடசாலைப் படிவங்களில் தகப்பனின் தொழில் என்ற இடத்தில் வாப்பா "வியாபாரம்" என்றுதான் எழுதுவார்.

வாப்பாவுக்கு வேறொரு மனக்குறை. இறைச்சி கெடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குப் பலர் வந்து சொல்லியிருக்கிறார்களாம். அறுக்கிறவனுக்கு என்ன வரும் என்று 27 வருடத்தில் ஒருவரும் சொல்லவில்லையாம்.

எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் வைத்து ஏதாவது தொடங்க நினைக்கிறேன். இந்த வேலையை அறிந்தவர்கள், வைத்தியத் துறையில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற மிருக வைத்தியர் | வெள்ளி, இரவு 11.15

தம்பி, எலிக்காய்ச்சல் என்ற பெயரே நம்மைத் தவறான பக்கம் பார்க்கவைக்கிறது. அந்தக் கிருமியின் பெயர் லெப்டோஸ்பைரா. அது எலியில் மட்டும் இல்லை. மாடு, எருமை, பன்றி, ஆடு, நாய் எல்லாவற்றின் சிறுநீரகத்திலும் குடியிருந்து சிறுநீரோடு வெளியே வரும். அதைச் சுமக்கும் மாடு நோயாளியாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. கண் தெளிவாக, நடை சரியாக, உருண்டு திரண்டு நிற்கும். அறுப்பதற்கு முன் மாட்டைப் பரிசோதிக்கும் வழக்கம் நம் நாட்டுக்குப் பழையது; இறைச்சிக்கடைகள் பற்றிய கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் எவ்வளவு கவனமாகப் பரிசோதித்தாலும் இந்தக் கிருமி கண்ணுக்கு அகப்படாது. அதனால்தான் வேலை செய்பவர் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மடுவத்தில் எல்லா இடமும் ஒரே அளவு ஆபத்தானது அல்ல. குடலை எடுக்கும்போது சலப்பை கிழிந்து சிறுநீர் கையில் வழியும் கணம் ஒன்று. குண்டிக்காயைச் சுற்றியுள்ள கொழுப்பை அறுக்கும் வேலை இன்னொன்று. மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை: நிலத்தை ஹோஸ் தண்ணீரால் பலமாக அடித்துக் கழுவும்போது எழும் சாரல். அது கண்ணிலும் வாயிலும் படும். கிருமி நுழையப் பெரிய காயம் தேவையில்லை. நெடுநேரம் ஈரத்தில் ஊறி வெளுத்த தோலும் கண்ணின் மென்சவ்வும் அதற்குப் போதும்.

அடுத்தது புருசெல்லா. இது சினை மாட்டின் கருப்பையிலும் நச்சுக்கொடியிலும் மடியிலும் நிறைந்திருக்கும். என் கதையையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கன்று போட்டும் நச்சுக்கொடி விழாத மாடு ஒன்றுக்கு வெறுங்கையால் வைத்தியம் பார்த்தேன். சில வாரங்களுக்குப் பிறகு மாலையானால் காய்ச்சல், இரவில் பாய் நனையும் அளவுக்கு வியர்வை, காலையில் ஒன்றுமில்லை. முதுகுவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு மூன்று மாதம் அலைந்தேன். என்னைப் பார்த்த வைத்தியர்களிடம் "அரசாங்க உத்தியோகத்தர்" என்றுதான் சொல்லியிருந்தேன்! மிருக வைத்தியர் என்று தெரிந்த பிறகே அந்தப் பரிசோதனைக்கு எழுதினார்கள். ஆறு வாரம் தொடர்ந்து மருந்து எடுத்தேன். உங்கள் உறவினர் வாய் திறக்காததை நான் குறை சொல்லமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக நின்ற மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வழிந்தால் அதில் கத்தியை வைக்கவே கூடாது. அடைப்பான் என்னும் அந்த்ராக்ஸாக இருக்கலாம். உடலைத் திறந்தால் கிருமி காற்றுப்பட்டு வித்துகளாக மாறும். அந்த வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும்.

வெள்ளவத்தை வாசி | சனி, காலை 7.05

2008இல் நாடு முழுவதும் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் கண்டது நினைவிருக்கிறது. அப்போதெல்லாம் விவசாயிகளைப் பற்றித்தான் பேச்சு. நகரத்தின் நடுவில் இருந்துகொண்டு ஒருவருக்கு இது வரும் என்று நான் எண்ணியதே இல்லை. ஒரு கேள்வி: அப்படியானால் இறைச்சி வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டுமா?

ஓய்வுபெற்ற மிருக வைத்தியர் | சனி, காலை 7.50

நன்றாக வேகவைத்த இறைச்சியில் லெப்டோஸ்பைராவும் புருசெல்லாவும் உயிரோடு இருக்காது. காய்ச்சாத பாலை மட்டும் குடிக்காதீர்கள். இங்கே ஆபத்தில் இருப்பவர் நம் தட்டுக்கு இறைச்சி வரச் செய்கிறவர்.

பொரளைத் தாதி | சனி, மதியம் 1.20

ஆஸ்பத்திரிப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். கொழும்பில் மழைக்காலத்தில் வரும் ஒவ்வொரு காய்ச்சலையும் முதலில் டெங்கு என்றே சந்தேகிக்கிறோம். அது சரியானதும்கூட. ஆனால் டெங்கு இல்லை என்று வந்ததும் நோயாளி நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார். அங்கேதான் நாட்கள் பறிபோகின்றன.

எலிக்காய்ச்சலை உறுதிப்படுத்த, கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் பிறபொருளெதிரியை இரத்தத்தில் தேடுகிறோம். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் அந்தப் பரிசோதனை இருக்கிறது. ஆனால் காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்களில் பிறபொருளெதிரி உருவாகியிருக்காது. பொதுவாக ஒரு வாரம் செல்லும். மருந்தோ அதற்கு முன்பே தொடங்கப்பட வேண்டும். ஆகவே முதல் நாட்களில் வைத்தியரின் கையில் இருப்பது நோயாளி சொல்லும் கதை மட்டுமே. "கூலி வேலை" என்று எழுதிய துண்டைப் பார்த்து யாரும் பென்சிலின் தொடங்கமாட்டார்கள். "மடுவம்" என்று எழுதியிருந்தால் தொடங்குவார்கள்.

தொழிலைச் சொல்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. புருசெல்லா உண்டாக்கும் புருசெல்லோசிஸ் நோய் என்று சந்தேகம் என்றால் ஆய்வுகூடத்துக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அது மெதுவாக வளரும் கிருமி. இரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டை வழக்கமான நாட்கணக்கில் மூடிவிட்டால் அகப்படாது. தெரியாமல் திறந்து கையாண்டால் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவருக்கே தொற்றிவிடும். ஒரு சொல்லை மறைப்பதால் நாம் அறியாத ஒருவருக்கும் ஆபத்து வருகிறது.

டொக்சிசைக்ளின் மாத்திரையைத் தாங்களாகவே பார்மசியில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். வயல் வேலைக்கு இறங்கும் காலத்தில் விவசாயிகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் கொடுப்பது உண்மை. ஆண்டு முழுவதும் மடுவத்தில் நிற்பவருக்கு எப்போது, எவ்வளவு காலம் என்பதை அந்த அதிகாரியே தீர்மானிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அது கூடாது.

இரவுக் கத்தி | சனி, மாலை 5.30

நான் சொல்ல மகள் எழுதுகிறாள். நான் இப்போதும் மடுவத்தில்தான் வேலை செய்கிறேன். எந்த மடுவம் என்று கேட்க வேண்டாம்.

எங்களுக்கு ஒரு முறை வகுப்பு நடத்தினார்கள். இரவு முழுவதும் வேலை செய்து, உடம்பெல்லாம் இரத்த வாடையோடு வீட்டுக்குப் போக நிற்கும் நேரத்தில் கதிரை போட்டு உட்காரவைத்தார்கள். பேசியவர் சிங்களத்தில் பேசினார். எங்களுக்குச் சிங்களம் தெரியாமல் இல்லை. சந்தையில் பேசுகிற சிங்களம் தெரியும். கிருமியின் படத்தைச் சுவரில் காட்டி அவர் வாசித்த சிங்களம் வேறு. பாதிப்பேர் தூங்கிவிட்டோம். முடிவில் எல்லோரிடமும் கையொப்பம் வாங்கினார்கள்.

கையுறை போடு என்று சொல்வது எளிது. கொழுப்புப் பட்ட இறப்பர் கையுறையில் கத்திப்பிடி வழுக்கும். ஒரு மாட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கூலி வாங்குகிறவன், கத்தி வழுக்கினால் விரலையும் இழப்பான், நேரத்தையும் இழப்பான். ஆகவே கழற்றி எறிவான். எனக்கு அதில் வழி காட்டியவர் எங்கள் மூத்த நானா ஒருவர், இப்போது மௌத்தாகிவிட்டார். கத்தி பிடிக்கும் கைக்கு ஒட்டிப் பிடிக்கும் மெல்லிய கையுறை போதும், மற்றக் கைக்குத்தான் தடித்தது வேண்டும், ஏனென்றால் வெட்டு விழுவது அந்தக் கையில் என்று அவர் செய்து காட்டினார். சலப்பையின் கழுத்தை முதலில் நூலால் கட்டிவிட்டுப் பிறகு அறு என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். அதற்குப் பிறகு என் கையில் மூத்திரம் கொட்டியது மிகவும் குறைவு. கிருமியின் பெயர் அவருக்குத் தெரியாது.

வெற்றிலை பற்றி யாரும் பேசவில்லையே! வேலைக்கு நடுவில் இடுப்பு மடிப்பிலிருந்து வெற்றிலையை எடுத்து, அதே கையால் சுண்ணாம்பு தடவி வாயில் வைக்கிறோம். பீடியும் அப்படித்தான். நான் விட்டது போன வருடம்தான். இப்போது வேலை முடிந்து முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே வாயில் எதையும் வைக்கிறேன்.

தொழிற்சங்கத்துக்காரன் | சனி, இரவு 8.10

மேலே இருப்பதைப் படித்துக் கோபம் வருகிறது. எல்லோரும் தொழிலாளிக்கு என்ன கற்றுக்கொடுப்பது என்று பேசுகிறோம். இருபது பேருக்கு ஒரு குழாய் இருக்கும் இடத்தில் "கையைக் கழுவு" என்று போஸ்டர் ஒட்டுவது கல்வியா? பூட்ஸ், ஏப்ரன், முகமறைப்பு, கத்தியை முக்கி எடுக்க 82 பாகை வெந்நீர், வேலை முடிந்து குளிக்க இடம்: இவற்றைக் கொடுக்க வேண்டியவர் கொடுத்த பிறகு வகுப்பு எடுக்கட்டும். இல்லாவிட்டால் நாளை ஒருவன் நோயில் விழும்போது "சொல்லிக்கொடுத்தோம், கையொப்பமும் இருக்கிறது" என்பார்கள். இரவுக் கத்தி அண்ணன் சொன்ன கையொப்பம் அதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையிடத்து விபத்துக்கு மட்டும் உரியதல்ல. தொழிலால் வரும் நோய்களையும் அது பேசுகிறது. இதையும் அந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மாளிகாவத்தை மகன் | சனி, இரவு 8.45

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் குழாய் வரும்வரை காத்திருந்தால் அடுத்த மழைக்கு இன்னொரு பிள்ளை படுப்பான். என் சாச்சாவின் மகனுக்கு முதல் நாளே அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்திருந்தால் சிறுநீரகம் அந்த நிலைக்குப் போயிருக்காது. அதற்குக் குழாயும் தேவையில்லை, பணமும் தேவையில்லை.

தொழிற்சங்கத்துக்காரன் | சனி, இரவு 9.00

அந்த வாக்கியத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் குழாயை விடமாட்டேன்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, காலை 8.00

மாடறுப்பு வேண்டுமா, வேண்டாமா என்று வந்த ஆறு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். 2020இல் அமைச்சரவை மாடறுப்புத் தடை யோசனைக்கு ஒப்புதல் அளித்தபோது அதற்கென்று தொடங்கிய இழை இன்னும் திறந்திருக்கிறது, அங்கே எழுதுங்கள். இங்கே பேச்சு, இன்றிரவும் வேலைக்குப் போகிற மனிதர்களைப் பற்றியது.

வத்தளை வாசகி | ஞாயிறு, காலை 10.25

ஆண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மாமியார் இருபது வருடம் வீட்டு முற்றத்தில் பாபத் கழுவி விற்றவர். குடல், ஈரல், தலை, கால் எல்லாம் சாக்கில் வீட்டுக்கு வரும். கழுவியவர்கள் அவரும் என் நாத்தனாரும். மடுவத்துக்குள் போகாத இவர்களுக்கு எந்த வகுப்பும் இல்லை, எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. கணவர் இரத்தச் சாரத்தைக் கழற்றிப் போட்டால் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்து ஊறவைப்பதும் இவர்கள்தான். இப்போது எங்கள் வீட்டில் வேலை உடுப்புக்குத் தனி வாளி. கொதிநீரும் சவர்க்காரமும் போட்ட பிறகே கை வைக்கிறோம்.

சொல்லத் தயங்குகிற ஒன்றையும் எழுதுகிறேன். புருசெல்லா ஆண்களின் விதையில் வீக்கத்தை உண்டாக்கும் என்று எனக்கு ஒரு வைத்தியை விளக்கினார். எங்கள் உறவில் ஒருவர் அதை மனைவியிடம்கூடச் சொல்லாமல் ஒரு வருடம் மறைத்து வைத்திருந்தார். கர்ப்பிணிக்குத் தொற்றினால் கருச்சிதைவு வரலாம். தொழிலைச் சொல்ல வெட்கம், நோயைச் சொல்ல வெட்கம். இந்த இரண்டும் சேர்ந்த வீட்டில் போஸ்டர் என்ன செய்யும்? வீட்டுப் பெண்களை உட்காரவைத்துப் பெண்ணொருவர் தமிழில் பேசினால் விஷயம் அன்றைக்கே ஆண்களின் காதுக்குப் போய்விடும்.

நீர்கொழும்பு வீதி | ஞாயிறு, மதியம் 12.40

பன்றி வேலை செய்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே ஆலோசனைதானா?

ஓய்வுபெற்ற மிருக வைத்தியர் | ஞாயிறு, மாலை 4.15

அடிப்படை அதேதான். ஆனால் பன்றியில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் சூயிஸ் என்ற பற்றீரியா இருக்கிறது. கையில் உள்ள வெட்டு வழியாக ஏறி மூளைக்காய்ச்சலை உண்டாக்கும். பிழைத்தவர் பலருக்குக் காது கேட்காமல் போய்விடும். கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, திடீர்ச் செவிட்டுத்தன்மை என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

மலேசியாவில் 1998–99இல் நிபா வைரஸ் பன்றிகளிடமிருந்து பரவி நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கிருந்து பன்றி இறக்குமதி செய்த சிங்கப்பூரில் 1999 மார்ச்சில் நோயில் விழுந்த 11 பேரும் மடுவத் தொழிலாளர்கள். அவர்களில் ஒருவர் இறந்தார். புது நோய் ஒரு நாட்டுக்குள் நுழையும்போது முதலில் எதிர்கொள்கிறவர்கள் இவர்களே.

இன்னொரு வரலாறும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் 1935இல் இறைச்சித் தொழிற்சாலை ஆட்களுக்கு மட்டும் பெயர் தெரியாத காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. எட்வர்ட் டெரிக் என்ற வைத்தியர் அதைப் பின்தொடர்ந்து போனார். காரணம் விளங்காததால் 'கேள்விக்குரிய காய்ச்சல்' என்ற பொருளில் கியூ காய்ச்சல் என்று பெயர் வைத்தார். காய்ந்த நச்சுக்கொடித் துகளையும் தூசியையும் மூச்சில் இழுத்தாலே அது தொற்றும். சிலருக்குப் பிற்காலத்தில் இதய வால்வைக் கெடுக்கும். 1989 முதல் அங்கே மடுவத் தொழிலாளர்களுக்கு அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. நோயாளிகள் எல்லோருக்கும் ஒரே தொழில் என்பதை ஒரு வைத்தியர் கவனித்தார். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

வாழைத்தோட்டம் | ஞாயிறு, இரவு 7.30

ஹஜ்ஜுப் பெருநாளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். குர்பான் நாட்களில் கத்தி பிடித்தே பழகாத இளைஞர்கள் காற்சட்டையை மடித்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்குகிறார்கள். சென்ற பெருநாளில் என் தம்பியின் உள்ளங்கையில் நீளமான வெட்டு. துணியைச் சுற்றிக்கொண்டு மாலை வரை அதே கையோடு குடல் அலசினான். பெருநாளுக்கு முந்திய ஜும்ஆவில் பிரசங்கத்துக்குப் பிறகு ஐந்து நிமிடம் போதும்: வெட்டு விழுந்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கழுவு, நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டு, வேலையை இன்னொருவனிடம் கொடு. நாய் கடித்த ஆட்டையோ, வாயில் நுரை தள்ளித் தடுமாறும் ஆட்டையோ அறுக்காதே என்பதையும் சொல்ல வேண்டும். அது விசர்நோயாக இருக்கலாம்.

மாளிகாவத்தை மகன் | செவ்வாய், இரவு 10.05

நேற்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்தேன். இரவு வேலை தொடங்குவதற்கு முன், தேநீர் குடிக்கும் நேரத்தில் வந்து தமிழில் பேச ஒருவரை அழைத்து வருவதாகச் சொன்னார். சலப்பையைக் கட்டும் முறையை இரவுக் கத்தி அண்ணன் கையால் காட்டுவார், கேட்டதும் சம்மதித்துவிட்டார். வத்தளை அக்காவின் யோசனைப்படி பெண்களுக்கு மத்ரசா மண்டபத்தில் தனியாக ஏற்பாடு.

அதோடு சட்டைப் பையில் வைக்கிற அளவுக்கு ஓர் அட்டை அச்சடிக்கிறேன். வாசகம் இதுதான், திருத்துங்கள்:

"நான் மாட்டு மடுவத்தில் வேலை செய்கிறேன். மிருகங்களின் இரத்தமும் சிறுநீரும் என் உடலில் படுகின்றன. எனக்குக் காய்ச்சல் தொடங்கிய நாள்: ........"

பொரளைத் தாதி | செவ்வாய், இரவு 10.40

"கடைசியாக வேலைக்குப் போன நாள்" என்பதையும் சேருங்கள். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரத்தில் வெளிப்படும்; சிலருக்கு ஒரு மாதமும் ஆகலாம். வேலையை விட்டு இருபது நாள் ஆனவரும் இந்த அட்டையைக் காட்ட வேண்டும். மூன்று மொழியிலும் அச்சடியுங்கள்.

ஓய்வுபெற்ற மிருக வைத்தியர் | செவ்வாய், இரவு 11.00

"சினை மாட்டின் கருப்பையைக் கையாண்டேன்: ஆம் / இல்லை" என்ற வரியும் வேண்டும். "மாட்டு" என்பதை எடுத்துவிடுங்கள். ஆடும் பன்றியும் அறுப்பவர்களும் வைத்துக்கொள்ளட்டும்.

இரவுக் கத்தி | ஞாயிறு, காலை 9.15

அட்டை வந்தது. வாப்பாவின் சொல்லைக் கேட்டு எழுத்தைப் பெரிதாக்கியது நல்லது, தம்பி. நேற்றிரவு தேநீர்க் கடை மேசையில் நாற்பது வைத்தேன். முதலில் யாரும் தொடவில்லை. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் எடுத்து இரண்டு பக்கமும் வாசித்துவிட்டு, "நானா, டொக்டரிடம் வாயால் ஒன்றும் சொல்லாமல் இதை நீட்டினால் போதுமா?" என்று கேட்டான். போதும் என்றேன். இரண்டு எடுத்துக்கொண்டான். தம்பி ஆட்டிறைச்சிக் கடையில் நிற்கிறானாம்.